சுண்ணாம்புக்குப் போர்த்திய வேட்டி

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவன். என் கதையை எழுதிப் பிறரைப் படிக்கச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் முனிசிபாலிட்டியில் சாமான் அறை என் பொறுப்பில் இருந்தது. விளக்குமாறு, கூடை, தெருவிளக்கு எண்ணெய், சாக்கடைக்குப் போடும் கல் சுண்ணாம்பு, இவைதான் சாமான். ஒரு மார்கழியில் அக்கா, அத்தானோடு நான் குடியிருந்த தெருவில் வாந்திபேதி கண்டது. அதே சமயம் மழையில் சாக்கடைச் சுவர் இடிந்து, கழிவெல்லாம் தெருக்கிணற்றோரம் தேங்கி நின்றது. இன்றைக்கே சுண்ணாம்பு கொட்ட வேண்டும், அதுவரை கிணற்றைத் தொடக் கூடாது என்று சானிட்டரி இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

சுண்ணாம்புப் பீப்பாயைத் திறந்து ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கொதிக்கவில்லை. மழைக்காற்றின் ஈரம் பட்டு எல்லாம் வீரியம் செத்துப்போயிருந்தது. கடைகளிலும் இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊரே வாங்கிப் பானைகளில் கரைத்துவிட்டது.

பேதி கண்ட தெரு என்று மற்றத் தெருக்காரர்கள் எங்களைத் தங்கள் கிணற்றை நெருங்க விடவில்லை. அக்காவின் மாமியார் காய்ச்சலில் கிடந்தார். பானையில் அடித்தண்ணீர்தான் மிச்சம்.

"விளக்கு வைக்கிற வரைக்கும் பாப்பேன். பொறவு அந்தக் கெணத்துலயே எறச்சிருவேன். அவியளுக்கு நாக்கு வறளுது" என்றாள் அக்கா. சொன்னால் செய்கிறவள்.

ஒரு வண்டி பிடித்து ராஜபாளையம் போனேன். அங்கே சுண்ணாம்பு வியாபாரம் செய்த ராவுத்தரின் கொட்டகையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரு கல்யாண வீட்டுக்குப் பேசியாகிவிட்டது என்றார். வாசலுக்குப் போவதும் வானத்தைப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

"என்ன தம்பி, பிள்ளை பெறப்போற வீட்டு ஆம்பளை மாதிரி நடக்குதீரு?" என்றார். அப்போதுதான் கிணற்றையும் அக்காவையும் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"கல்யாண வீட்டுச் சுவரு ரெண்டு நாள் அழுக்கா நின்னா ஒண்ணும் ஆகாது. ஏத்துங்க" என்றவர், தம் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார்.

வண்டிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "நெருப்பையும் தண்ணியையும் ஒரே வண்டியில ஏத்துதீகளே." ஈரம் பட்டால் சுண்ணாம்பு வெந்து வண்டியே எரிந்துவிடும். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன்.

பாதி வழியில் தூறல் பிடித்தது. மேலே போர்த்திய ஓலைப்பாய் நடுவில் கிழிந்திருந்தது. ஒரு மூட்டை புகைந்தது. இருவருமாக அதை இழுத்துப் பள்ளத்தில் தள்ளினோம். அது சீறிக்கொண்டு கிடந்தது. மிச்சத்தையும் தள்ளிவிடலாம் என்றார் வண்டிக்காரர். நான் சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணித்தேன். போதவில்லை. வேட்டியையும் அவிழ்த்து மடித்துப் போர்த்தினேன்.

"முனிசிபாலிட்டியில கோவணம்தான் உடுப்போ?" என்றார். பொழுது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூறல் விட்டபாடில்லை. அந்தக் கோலத்திலேயே, மடியில் குடத்தோடு, தேர் வீதி வழியாக ஊருக்குள் வந்தேன். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எங்கள் தெருவில் அக்கா வாளியும் கயிறுமாகக் கிணற்றடிக்கு வந்திருந்தாள்.

"ஏலே, இதென்ன கோலம்?"

குடத்தை நீட்டினேன். யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்டாள். சொன்னேன். ராவுத்தர் வீட்டுத் தண்ணீரா என்று தெருவில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவள் வாளியைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாக்கடையில் கொட்டிய சுண்ணாம்பு குமுறிக் கொதித்தது.

மறுநாள் கொத்தனார் வந்து சுவரைக் கட்டினார். முனிசிபாலிட்டி தெருவுக்குத் தண்ணீர் வண்டி அனுப்பியது. என் வேட்டி சுண்ணாம்பில் வெந்து பொத்தலாகிவிட்டதால் அத்தான் வேட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.