வெண்கலத் துரை

"பொம்மலாட்ட மியூசியத்துக்கு இப்பப் போகாதீங்க. ஆட்டம் ஆரம்பிக்க நேரமிருக்கு. எதிர்ல சாப்பிட்டுட்டுப் போங்க. காசும் மிச்சம், காலும் மிச்சம்."

கேட்ட பெண் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. வெண்கலத் துரை மட்டும் காற்றில் சம்மணமிட்டு, இடக்கையில் ஊன்றுகோலோடு, வராத கப்பலொன்றை எதிர்பார்ப்பவர் போலத் தொலைவில் கண்ணை வைத்திருந்தார். உதடு அசைந்திருக்கவில்லை.

ஜகார்த்தாவில் வாய் மூடாதவர்கள் ஏராளம். பேசாமல் இருப்பதற்காகக் காசு வாங்குகிற வாயாடி மர்ஸூக்கி ஒருவர்தான். ஃபத்தாஹில்லா சதுக்கத்தில், பழைய மாளிகை மியூசியத்தின் வாசலுக்கு எதிரே அவர் இடம். முகத்திலிருந்து காலணிவரை ஒரே வெண்கலச் சாயம். டச்சுக்காரத் துரையின் நீள அங்கி, அகலத் தொப்பி. அங்கிக்குள் இரும்பு இருக்கை ஒன்று ஊன்றுகோலோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இறங்க வேண்டுமானால் இரண்டு பேர் சுற்றித் திரை பிடிக்க வேண்டும். ஏறினால் மதியத் தொழுகைவரை அவர் சிலைதான்.

சிலைக்குக் காது கிடையாது என்று ஊர் பார்க்க வருகிறவர்கள் நம்புகிறார்கள். அவர் காலடியில் நின்றுதான் அடுத்து எங்கே போவது என்று சண்டை போடுவார்கள். மர்ஸூக்கியால் அதைத் தாங்க முடியாது. நினைவுக் கோபுரத்துக்குக் காலையில் போ என்பார், சீனத்தெருவில் வாசலில் கூப்பிடுகிற கடையில் சாப்பிடாதே என்பார். பக்கத்தில் நான் சைக்கிள் வாடகைக்கு விடுகிறேன். என்னையும் விட்டுவைத்ததில்லை. "அந்தச் சிவப்பு வண்டி வேணாம், செயின் கழலும்" என்று ஒரு குடும்பத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறார். கழலும்தான். அதற்காகச் சிலை சொல்லலாமா?

அவர் மகள் நூர்லேலாவைக் கேட்டு காருத் மலைப்பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் தாயார் என்தினோடு மர்ஸூக்கி போனில் மணிக்கணக்காகப் பேசினார். ஜகார்த்தாவில் பார்க்க வேண்டியவை, பார்க்கக்கூடாதவை எல்லாம் சொல்லி, ஒவ்வொன்றையும் "காசும் மிச்சம், காலும் மிச்சம்" என்று முடித்தார். தனக்கு மியூசியத்தில் வேலை என்றும் சொன்னார். நூர்லேலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மியூசியம் எனக்குப் பின்னாலதானே இருக்கு? இதுல என்ன பொய்?" என்றார் எங்களிடம்.

"எதிர்ல போஸ்ட் ஆபீஸ் இருக்குண்ணே. அங்கயும் சம்பளம் வாங்குறதாச் சொல்லிடுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் மோதிரம் போடுவதாக ஏற்பாடு. எங்கள் தெருவில் பெண் கேட்டு வருகிறவர்கள் நேரம் தவறினால் வரவில்லை என்றுதான் அர்த்தம். நூர்லேலாவுக்கு ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. ஆக்கிய சோற்றைத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு அவள் பல நாள் வெளியே வரவில்லை. இருந்தும் ஞாயிறு வரும்படியை விட மனமில்லாமல் காலையில் மர்ஸூக்கி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இனிப்புப் பெட்டிகளோடு ஒரு கணவனும் மனைவியும் வந்து சிலையடியில் நின்றார்கள். கணவருக்குக் கடல் பார்க்க வேண்டும். மலையில் பிறந்தவர், பார்த்ததே இல்லையாம்.

"ஆன்ச்சோல் கடற்கரைக்குப் போயிட்டு அஸருக்குள்ள வந்துடலாங்க" என்றார் மனைவி. "நூர்லேலா அப்பா உள்ள வேலையா இருப்பாரு. அவரைத் தொந்தரவு பண்ண வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆன்ச்சோலுக்குப் போனவர்கள் இருட்டாமல் திரும்பியதில்லை. நான் வாயெடுப்பதற்குள் ஒரு கட்டைக் குரல் வந்தது. துரைகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவராக முடிவு செய்திருந்த குரல்.

"ஆன்ச்சோல் வேணாம். போனா ராத்திரிதான் திரும்புவீங்க. சுண்டா கெலாப்பா துறைமுகம் பக்கத்துலயே இருக்கு. கடலும் பாக்கலாம், மரக்கப்பலும் பாக்கலாம். இந்தாள் சைக்கிள்ல கூட்டிப் போவான்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நாக்கு பழகிவிட்டது. சொந்தக் குரலில் முடித்தார்: "காசும் மிச்சம், காலும் மிச்சம்."

என்தின் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியிலிருந்து ஒரு வியர்வைக் கோடு சாயத்தைக் கரைத்துக்கொண்டு மூக்குவரை வந்து நின்றது. அதற்குக் கீழே மர்ஸூக்கியின் சொந்தத் தோல் தெரிந்தது.

"சரிங்க, கப்பலே பாப்போம்" என்றார் கணவரிடம்.

கணவர் இன்னொரு வண்டிக்காரனோடு முன்னே போனார். என் பின்னால் உட்கார்ந்து வந்த என்தின் வழியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவரு இறங்கற வரைக்கும் தண்ணி குடிக்க முடியாதா?"

"முடியாதுங்க" என்றேன்.

அஸருக்கு முன்பே அவர்கள் நூர்லேலா வீட்டுக்குப் போய்விட்டார்கள். மோதிரம் போட்டாயிற்று. மியூசியத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வீட்டில் அன்று முழுக்க மர்ஸூக்கி வாய் திறக்காததால் அவர் மனைவி காய்ச்சலோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெண்கலம் ஒட்டியிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. மியூசியம் விடுமுறை, சதுக்கத்தில் ஆளில்லை. நான் சிவப்பு வண்டிக்குச் செயின் மாற்றினேன். மர்ஸூக்கி வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார். ஊர் திரும்புகிற வழியில் என்தினும் கணவரும் வந்தார்கள். என்தின் சிலைக்கு முன்னால் நின்று, வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார்.

"ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கு சம்பந்தி. எதைப் பாக்கலாம்?"

துரையின் வலக்கை தொடையிலிருந்து எழுந்தது. அங்கியின் பித்தான்மேல், நெஞ்சில், சற்று நேரம் இருந்தது. பிறகு தொடைக்குத் திரும்பியது.