செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர்

மறுநாள் புதுச்சேரியில் என் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைக் காரில் அழைத்துவர வேண்டும் என்பதற்காகவே நான்கு டயரும் புதிதாக மாற்றியிருந்தேன். அதன்பின் வேகம் அறுபதைத் தாண்டினாலே கார் நடுங்கியது. பதிகம் ஓதியபடி ஓட்டியும் மனம் அடங்கவில்லை.

மந்தாரக்குப்பத்தில் வேறொரு டயர்க் கடைக்காரரிடம் சென்று முறையிட்டேன். மெலிந்த மனிதர், காதோரம் நரை. காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினார். சன்னிதியில் நுழைபவர்போல் தோன்றவே, அவர் பக்தியை மெச்சினேன்.

“அதெல்லாம் இல்லீங்க. செருப்பு இருந்தா நடுக்கம் எங்கருந்து வருதுன்னு காலுக்குத் தெரியாது.”

என்னை ஓட்டச் சொல்லிப் பின்னிருக்கையில் வெறுங்காலை ஊன்றி அமர்ந்தார். “பின் சக்கரந்தாங்க,” என்றார்.

கழற்றியபோது சக்கரத்தின் உட்புறம் நிலக்கரிச் சுரங்கச் சாலையின் சேறு காய்ந்திருந்தது. முந்தைய கடையில் அதைச் சுரண்டாமலே பேலன்ஸிங் செய்திருக்கிறார்கள். சேறு பாதி உதிர்ந்ததும் சக்கரத்தின் எடைச் சமநிலை தப்பிவிட்டது. சுரண்டிச் சீர்செய்தபின், அவர் என்னருகே அமர மீண்டும் ஓட்டினேன். எண்பதிலும் கார் அதிரவில்லை.

“கர்ப்பிணிப் பெண்ணை நம்பி அழைத்துவரலாமா?” என்றேன்.

“வண்டிய நம்பலாம்ங்க. உங்க கைதான் கியர் போடறப்பல்லாம் நடுங்கிக்கினு இருக்கு. நாளைக்கு வேற யாராச்சும் ஓட்டட்டும்.”

சினம் மூண்டது, கூலியை நீட்டிவிட்டுத் திரும்பினேன். ஆயினும் காலையில் எதிர்வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். ஏன் என்று என் மனைவி கேட்கவில்லை. அவள் எத்தனை நாளாகவோ சொல்லத் தயங்கியதை, ஒருமுறை கண்ட அம்மனிதர் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்.