பாய்மரத்துக்குக் கட்டிய லிஃப்ட் கயிறு

"போகாதே" என்ற ஒரே ஒரு சொல் அந்த மனிதரின் தொண்டைக்குள் எட்டு வருடமாகச் சிக்கிக் கிடந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிரீஸ் கையோடு இரும்புக் கயிறுகளைத் தடவித் தடவிப் பார்ப்பதுதான் பிழைப்பு. அவருடைய மனைவிக்கு ஒரு பெரிய பயணிகள் கப்பலில், சலவைக்கூடத்தில் வேலை. ஒரு ஒப்பந்தத்துக்கு ஒன்பது மாதம் கடல்மேல் இருந்தாலும் கடலைக் கண்ணால் பார்த்தவளில்லை. சலவைக்கூடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. அங்கே ஜன்னல் ஏது?

மகளின் படிப்புக்காகத்தான் போனாள். படிப்பு முடிந்து, மகள் வேறு ஊரில் வேலைக்கும் சேர்ந்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு லீவு முடிவிலும் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாள். அவரும் வாயைத் திறக்காமல் பெட்டியைச் சுமந்துபோய்க் கப்பலேற்றிவிட்டு வருவார். வந்து ஒற்றைத் தட்டை எடுத்து வைப்பார். சோறு இறங்காது.

பேசத் தெரியாதவர் கடைசியில் ஒரு காரியம் செய்தார். பாய்மரப் படகு வாங்கினார். அதுவும் இரண்டாம் கை. முப்பது வயதான, இருபத்தாறு அடி ஃபைபர் படகு. பழைய கார் ஒன்றின் விலை. அதில் அவளைக் கூட்டிப்போய், காற்றும் வெளிச்சமுமாக ஒரு கடலைக் காட்டிவிட்டால், கரையில் வராத சொல் அங்கே தானாக வந்துவிடாதா? அதுதான் கணக்கு. அதற்காகவே இரண்டு வருடம் ஞாயிறுதோறும் யார் யார் படகிலோ எடுபிடியாகப் போய், பாய் ஏற்றவும் இறக்கவும் கற்றிருந்தார்.

"யாட்டா?" என்று மனைவியின் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, நம்ம வீட்டு பாத்ரூம்ல ஒழுங்கா தண்ணி வராது. உங்களுக்கு யாட்டு கேக்குதா?"

"உங்கக்கா கிட்ட மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்."

படகைச் சோதித்துச் சொல்பவர் வந்தார். சின்னச் சுத்தியலால் அதன் உடம்பெல்லாம் தட்டி, டாக்டரைப் போலக் காது கொடுத்துக் கேட்டார். உடம்பு திடம், இன்ஜின் இருமுகிறது, ஆனால் சாகாது, பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் கம்பிகள் மட்டும் பழசு, மாற்றியே ஆகவேண்டும் என்றார். புதுக் கம்பிகளுக்கு விலை விசாரித்தால், படகு விலையில் பாதி! மெக்கானிக் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இருபத்தாறு வருடமாகக் கயிற்றோடு வாழ்கிறவனிடமா கயிறு விற்கப் பார்க்கிறார்கள்?

அந்தக் கம்பிகளுக்குப் பதிலாக, லிஃப்டுக்குப் போடும் புத்தம் புதிய இரும்புக் கயிற்றை, தெரிந்த கடையில் வாங்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் பாய்மரத்தின்மேல் தொங்கி, ஒவ்வொன்றாகக் கட்டி முறுக்கினார்.

மனைவி ஆறு வார லீவில் வந்திறங்கினாள். கரையோரப் படகு யார்டில் முட்டுக்கொடுத்து நின்ற அந்தப் படகை அவளுக்குக் காட்டினார்.

"யாருதுங்க இது?"

"நம்மளுது."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றவள், அடுத்த நிமிடமே புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பூசணம் பிடித்த பாய்களைத் தரையில் விரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லத் தேய்த்தாள். "மிஷின்ல போட்டா தையல் விட்டுடும். எனக்குத் தெரியாதா?" வெயிலில் வெளுத்து விரிந்த அந்தப் பாய்களுக்கு நடுவே அவள் நின்ற கோலத்தைப் பார்த்தபோது, ஐயோ, அவருக்குக் கண் கரித்தது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீரில் இறங்கட்டும், சொல்லிவிடலாம் என்று விழுங்கிவிட்டார்.

இறக்கும் நாள் வந்தது. அவள் லீவில் மிச்சம் நான்கே நாள். கிரேன் தயாராக நின்றது. யார்டு மேஸ்திரி படகை ஒரு சுற்றுச் சுற்றிவந்தவர், கம்பியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"இது எந்த ஊர்க் கயிறுய்யா?"

"லிஃப்ட் கயிறுண்ணே. எட்டுப் பேர சுமக்கும்."

"எட்டு யானைய கூட சுமக்கட்டும். இது உருளையில வளைஞ்சு ஓடறதுக்குப் பண்ணின கயிறு. இழுத்தா நீளும். உள்ள நார் வேற இருக்கு, அது உப்புத் தண்ணிய உறிஞ்சி, கம்பி உள்ளயிருந்தே துருப்புடிக்கும். மரம் உங்க தலையிலதான் விழும். கயிறு தெரிஞ்சவரு நீங்க, இப்படிப் பண்ணலாமா?"

"சரியான கம்பி எப்ப கிடைக்கும்?"

"ஆர்டர் போட்டா ஆறு வாரம்."

கிரேன் திரும்பிப் போயிற்று.

ஏணி வைத்து இருவரும் அந்தக் கரைப் படகில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் தலை நிமிரவில்லை.

"அழாதீங்க. ஒரு கயிறுதானே," என்றாள்.

"கயிறு இல்லடி." அவர் தோள்கள் குலுங்கின. "அங்க கொண்டுபோய்ச் சொல்லணும்னு இருந்தேன். போகாத. இனிமே போகாதம்மா."

எட்டு வருடத்துச் சொல் அது. வறண்ட தரையில், முட்டுக்கட்டையில் நின்ற படகிலேயே வெளியே வந்துவிட்டது.

அவள் முகம் சிவந்து, உதடு கோணியது. "முந்தாநேத்துதான் கையெழுத்துப் போட்டேன். பேனாவ வச்சுக்கிட்டு உங்க மூஞ்சியவே பாத்தேன். நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க."

"படிக்கலடி. மறைச்சுக்கிட்டிருந்தேன்."

"நான் இருந்தா உங்களுக்குத் தொந்தரவோன்னு நெனச்சேங்க, இத்தனை வருஷமா!"

பாவி மனுஷன்! அவள் சம்பாத்தியத்துக்குப் பழகிவிட்டாள் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்?

"கிழிச்சுப் போட்ற முடியாதா?"

"முடியாது. ஒன்பது மாசம். இதோட சரி. சத்தியமா சரி."

நான்காம் நாள் அவள் கப்பலேறினாள். தடுப்புக் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று, அத்தனை ஜனத்துக்கு முன்னால் மூன்றுமுறை உரக்கச் சொன்னார், போகாதே என்று. காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்தாள், அழுதாள், போனாள்.

புதுக் கம்பிகள் வந்தன. மேஸ்திரி மேற்பார்வையில் அவரே கட்டினார். மூன்றாம் மாதம் படகு தண்ணீரில் இறங்கி, அசைந்து, நின்றது.

"அருமையான காத்துய்யா. பாய ஏத்துங்க," என்றார் மேஸ்திரி.

"அவ வரட்டும்ணே."

"அதுக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கே!"

"கிடக்கட்டும்ணே."

மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் படகில் தனியே உட்கார்ந்திருப்பார். அவளுக்கும் அப்போதுதான் இடைவேளை. ஃபோன் வரும். இயந்திர இரைச்சலுக்கு நடுவே, "சாப்பிட்டீங்களா?" என்பாள்.

"போகாதே," என்பார் அவர். எப்போதோ போய்விட்டவளிடம்.

"இன்னொரு தடவ சொல்லுங்க, சரியா கேக்கல," என்பாள். அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

அவர் இன்னொரு தடவை சொல்வார்.