பள்ளி விடும் நேரத்துப் பஸ்

விபத்து நடப்பதற்கு முன்பே அந்த டிரைவர் என்னிடம் வந்து எச்சரித்திருந்தார். அப்படி யாரும் வரவில்லை என்று நான் போலீசாரிடம் சொன்னேன். அவர் வேலை போயிற்று. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால், நடுவில் எனக்குச் சாதகமாக நாலு வரி சேர்த்துவிடுவேன்.

எழுபதுகளில் புதுச்சேரியில் பையன்கள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பிரெஞ்சில் படித்து வந்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் சார் அல்ல, முசியே. பாடம் நடத்துவது போக, பள்ளிக்கூட மணிக்கும் நான்தான் பொறுப்பு. அடிப்பவர் பியூன், எப்போது அடிப்பது என்று சொல்பவன் நான். தலைமையாசிரியர்கூட அதில் தலையிடமாட்டார். எங்கள் மணியைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். அதில் எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பள்ளி வாசலிலிருந்து புறப்படும் சின்னத் தெரு, பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் சாலையில் போய் முட்டும். முட்டுகிற இடத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து மதில் ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. தெருவிலிருந்து வருபவருக்குச் சாலை தெரியாது, சாலையில் வருபவருக்குத் தெரு தெரியாது. சாயங்கால மணி அடித்ததும் சைக்கிள்கள் அந்தத் தெருவில் கொட்டும். பேச்சு அறுந்துவிடக் கூடாதென்று மூன்று பேர் சேர்ந்தாற்போல வருவார்கள். கேரியரில் ஒருவன், முன்பாரில் ஒருவன் இருப்பான். சரியாக அந்த நேரத்துக்குத்தான் கோரிமேட்டிலிருந்து வரும் டவுன் பஸ், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களை அடைத்துக்கொண்டு, மதிலைத் தாண்டும்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தப் பஸ்ஸின் டிரைவர் என்னைத் தேடி வந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். வாயிலிருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு உள்ளே நுழைந்தார். வைத்திக்குப்பத்துக்காரர். அவர் வீட்டில் மற்றவர்களெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள்.

“முசியே, பள்ளிக்கூடம் விடுற மணிய ஒரு அஞ்சு நிமிசம் தள்ளி அடிச்சீங்கன்னா புண்ணியமாப் போவும். நான் அந்த முக்கத் தாண்டிப் போயிடுவேன்.”

“உன் பஸ்ஸுக்கு ஏத்த மாதிரி நான் பள்ளிக்கூடம் நடத்தணுமா? நீ அஞ்சு நிமிஷம் தள்ளி வாயேன்.”

“டைமு என் கையில இல்லீங்க. ஓனர் கையிலயும் இல்ல. பர்மிட்டுல போட்டிருக்கு. அஞ்சு நிமிசம் லேட்டா எடுத்தேன்னா பின்னால வர்ற வண்டிக்காரன் சண்டைக்கு வந்துடுவான். மணி உங்க கையில இருக்கு. அதான் வந்தேன்.”

“அப்ப மெதுவா ஓட்டு.”

“மெதுவாத்தான் வரேன். உங்க புள்ளைங்க மெதுவா வரலியே. நேத்து ஒருத்தன் என் பம்பர்ல கைய ஊனி நின்னுட்டு, ‘சாரிண்ணே’ன்னு சிரிச்சிக்கினே போறான். எனக்கு அங்கயே ஒண்ணுக்கு வந்துடுச்சு.”

பக்கத்தில் நின்றிருந்த பியூன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு என்னைச் சீண்டிவிட்டது. என் அறையில், என் முன்னால், ஒரு பஸ்காரன் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. “ரோட்டுல ஓட்டுறது உன் வேலை. மணி விஷயம் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன். போகச் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நான் ‘நீ’ என்றே பேசி அனுப்பினேன்.

கார்த்திகை மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம் அது நடந்தது. நனையாமல் வீடு போய்ச் சேர வேண்டுமென்று பையன்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்தார்கள். ஒரே சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் புத்தகப்பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான். மதிலைத் தாண்டி அவர்கள் சாலைக்கு வந்ததும் டிரைவர் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். பஸ் எதிர்ப்பக்கத்து மின்கம்பத்தில் மோதி நின்றது. அப்படியும் சைக்கிளின் பின் சக்கரம் சிக்கி, பின்னால் இருந்த பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வந்த ஓர் அம்மா விழுந்து கை ஒடிந்தது. டிரைவருக்கு நெஞ்சில் அடி.

நான் ஓடிப் போனபோது கூட்டம் பஸ்ஸின் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டிருந்தது. பெரிய வண்டி எதுவோ அதன் மேல்தான் தப்பு என்பது தெருவின் சட்டம். யாரோ சட்டையைப் பிடித்து இழுக்க, டிரைவர் பையனை ரிக்‌ஷாவில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முதுகில் அடி விழுந்தது. அவர் திரும்பவில்லை. பையனைப் படுக்க வைத்த பிறகு என்னைப் பார்த்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் இருந்தார், அடிபட்ட பையனின் தகப்பனாரும் இருந்தார். “முன்னாடியே இங்க வந்து சொன்னதா அந்த டிரைவர் சொல்றான். அப்படி யாராவது வந்தாங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“அப்படி யாரும் வரல” என்றேன்.

பியூன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவரின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பொய்க்கு அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். மணியை மாற்றவில்லை. மாற்றினால், இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் என்று யாராவது கேட்பார்களே. அதனால் அதே நேரத்தில், அதே முக்குக்கு, அந்தப் பிள்ளைகளை நான் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். மணி அடித்த பிறகு காலியான வகுப்பில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பஸ் தாண்டிப் போகும் சத்தம் கேட்கும். வேறு சத்தம் ஒன்றும் வராவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போவேன்.

மழைக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலை, மார்க்கெட் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கேரியரில் மீன் கூடை கட்டிய சைக்கிள் ஒன்று தள்ளாடிப் போனது. பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே நெருங்கியது. மீன்காரர் ஓரம் ஒதுங்கினார், இன்னும் ஒதுங்கினார், சக்கரம் சாக்கடை விளிம்பில் சறுக்கி விழுந்தார். பஸ் நிற்காமல் போய்விட்டது. கானாங்கெளுத்தி மீன் சாலையெல்லாம் சிதறியது. இறங்கி, பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“விடுங்க முசியே, கை நாறும்” என்றார் டிரைவர்.

நான் பொறுக்குவதை நிறுத்தவில்லை. அவர் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். “பத்து வருசமா நானும் இதே மாதிரிதான் அடிச்சேன் ஹாரன. முன்னால போறவனுக்கு அது முதுகெலும்புல போய் விழும்னு இப்பத்தான் தெரியுது. பஸ்ஸு வந்தாலே காலு ரெண்டும் பெடல மறந்துடுது. எங்க வீட்டுல சிரிக்கிறாங்க, டிரைவருக்கு பஸ்ஸுனா பயமாம்.”

பிறகு, மீன் விலை கேட்பவர்போலச் சாதாரணமாகக் கேட்டார்: “மணி இப்ப எப்ப அடிக்கிறீங்க?”

“அதே நேரம்தான்” என்றேன்.

அவர் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் முகத்தில் கோபம் இல்லை. “என் கதைய விடுங்க. அந்த வண்டில இப்ப ஓட்டுறவன் புதுசு. கடலூர் ரோட்டுலயே ஓட்டிப் பழகுனவன், அவனுக்கு அந்த முக்கு தெரியாது. இன்னொரு புள்ள விழணுமா முசியே?”

அன்று பள்ளிக்குப் போனதும் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். “மணிய மாத்திக்குங்க, வேணாங்கல. பழசை ஏன் கிளறணும்? பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு பேர் இருக்குல்ல” என்றார். மணியை அன்றைக்கே மாற்றினேன். முதல் மணிக்கு நடந்து போகிறவர்கள் போகலாம். பஸ் தாண்டிய பிறகு அடிக்கும் இரண்டாவது மணிக்குத்தான் சைக்கிள்கள். அதுவரை நான் முக்கில் போய் நின்று, பஸ் போனதும் பியூனுக்குச் சைகை காட்டுவேன். ‘முசியே பஸ் கம்பெனில பங்கு வாங்கிட்டாருடா’ என்று பையன்கள் என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

பழசைக் கிளறத்தான் வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பத்துக்குப் போனேன். டிரைவர் வீட்டில் இல்லை. வலை காய்ந்துகொண்டிருந்த மணலில் அவர் மனைவி எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை.

“படிச்சவருகிட்ட சொல்லிட்டேன், இனிமே அவரு பாத்துக்குவாருன்னு சொல்லிக்கினு வந்தாரு அன்னிக்கு” என்றார். “உங்ககிட்ட சொன்னதால வேற யாருகிட்டயும் போவல. போயிருந்தா நாலு பேரு சாட்சி இருந்திருப்பாங்க.”

கோர்ட்டில் சாட்சி சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வலையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

கோடையில் வழக்கு வந்தது. டிரைவர் என்னிடம் வந்து சொன்னது உண்மை, நான் அவரை விரட்டியதும் போலீசிடம் சொன்ன பொய்யும் உண்மை என்று நீதிபதி முன்னால் சொன்னேன். அப்போது ஏன் மறைத்தீர்கள் என்று அவர் கேட்டார். “முதல்ல பயம். அப்புறம் வெட்கம்” என்றேன். வேறு பதில் யோசித்து வைத்திருந்தேன், வாயில் இதுதான் வந்தது. நான் கூண்டை விட்டு இறங்கியபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “ஐயா, நானும் அந்த ரூம்ல இருந்தேன்” என்றார். எங்கள் பியூன். அவரை யாரும் கூப்பிடவில்லை. என்னிடம்கூடச் சொல்லாமல் வந்திருந்தார். நான் கெடுத்து வைத்திருந்த என் பேச்சை அவருடைய சொல் தாங்கிப் பிடித்தது. அந்த நன்றி இன்றும் எனக்குக் குறையவில்லை.

வழக்கு நிற்கவில்லை, டிரைவரை விடுவித்தார்கள். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. தாழ்வாரத்தில் அடிபட்ட பையனின் தகப்பனார் என் முன்னால் வந்து நின்றார். “எம்புள்ளைக்குக் காலு வளைஞ்சு கூடியிருக்கு முசியே. பஸ்ஸ நம்பியா அனுப்புனோம்? உங்கள நம்பி அனுப்புனோம்” என்றார். கை ஒடிந்த அந்த அம்மாவை ஆஸ்பத்திரியிலும் மார்க்கெட்டிலும் விசாரித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு டிரைவர்தான் என்னை அழைத்துப் போனார். பாதி டீ குடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அன்னிக்கு நானும் கொஞ்சம் வேகந்தான். மழைல டைமு போயிடுச்சு, பிடிச்சிடலாம்னு பாத்தேன்.”

“அத ஏன் உள்ள நீங்க சொல்லல?”

“நீங்க மட்டும் எவ்ளோ மாசம் எடுத்துக்கினீங்க. எனக்கும் கொஞ்சம் டைம் குடுங்க” என்றார். இருவரும் சிரித்தோம். அப்படிச் சிரிக்க எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அவர்தான் அதைக் கொடுத்தார்.

அவர் இப்போது இல்லை. வெளியே சொல்லாதீர்கள் என்று அவர் சொன்னதை எழுதலாமா என்று அவர் மகளிடம் கேட்டேன். “எழுதுங்க. அப்பா அத ஊரு முழுக்க சொல்லியாச்சு” என்றார்.

பழைய முதலாளி அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. வேறொரு முதலாளியிடம் பாகூர் வண்டி கிடைத்தது. அந்தத் தடம் எங்கள் பள்ளிப் பக்கமே வராது. எனக்கு வரவிருந்த உதவித் தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. சாயங்காலங்களில் முக்கில் நிற்பதை மட்டும் எண்பதுகளில் ஓய்வு பெறும்வரை விடவில்லை. மழையில் குடையோடு நிற்பேன். காய்ச்சல் வந்த நாட்களில் பியூன் நிற்பார்.

ஓய்வுக்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு நாள், பஸ் மதிலுக்கு முன்பாகவே நின்றுவிட்டது. மீசை சரியாக முளைக்காத புது டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள்கள் இன்னும் பள்ளிக்குள்தான் இருந்தன, வழி காலியாக இருந்தது.

“போங்க தம்பி, ஏன் நிக்கிறீங்க?”

“நீங்க கை காட்டாம தாண்டக் கூடாதுன்னு ஸ்டாண்டுல சொல்லி அனுப்பியிருக்காங்க சார்.”

“யாரு சொன்னது?”

“பாகூர் வண்டி அண்ணன். புதுசா யாரு வந்தாலும் மொதல்ல இந்த முக்கத்தான் சொல்லிக் குடுப்பாரு. ‘அங்க ஒரு முசியே நிப்பாரு, அவரு கையப் பாத்து ஓட்டு. வாயால சொல்றத மட்டும் நம்பிடாத’ன்னாரு.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்றேன். தெருப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவருக்குக் கை காட்டினேன்.