அரோகராவில் ஒரு ஃபவுல்

போன பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஒரு பெண்மணியை நன்றாக இடித்துவிட்டேன். இடித்த கையோடு — நிஜமாகவே கையோடு — வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

மன்னிப்புக் கேட்காமல் எதற்குக் கையைத் தூக்கினேன்?

நான் ஒரு காலத்தில் பாஸ்கெட்பால் ஆடியவள். எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு ஆபீஸ் டீமில் சேர்ந்தேன். அப்போது ஒரு ரூல் இருந்தது. ஃபவுல் செய்தவள் தானே கையைத் தூக்க வேண்டும். 'ஆமாம், நான்தான்' என்று அர்த்தம். ரெஃபரி அவள் பனியனில் இருக்கும் நம்பரைப் பார்த்து, ஸ்கோர் எழுதுகிற மேஜைக்குச் சொல்வார். பிற்பாடு அந்த ரூலை எடுத்துவிட்டார்கள். என் கைக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. ரோட்டில் யாரையாவது உரசினால் தானாக எழும்பிவிடும். ஆட்டோ வந்து நிற்கும்.

முட்டி போனதும் கோச் ஆனேன். திருவண்ணாமலைக்கு வந்தேன்.

ஆடுகிறவளுக்கும் கோச்சுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடுதான். ஆனால் கோட்டுக்கு உள்ளே இருக்கும்வரை யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். 'இங்க குடு', 'பின்னாடி பாரு', 'விடாத, விடாத!' கோச்சை யார் கூப்பிடுகிறார்கள்? டைம் அவுட் என்றால் பெண்கள் ஒரு நிமிஷம் என்னைச் சுற்றி நிற்பார்கள். தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். பிராக்டிஸ் முடிந்தால் மைதானத்தில் நானும் பந்துப் பையும்தான்.

செங்கம் ரோட்டில் ஒரு ரூம் எடுத்தேன். வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்டியாவா இருக்கப்போறீங்க? தியானத்துக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க, பாஸ்கெட்பால் கோச்."

"ஆவட்டும்... அதுவும் ஒரு வழிதானே," என்றார்.

பக்கத்து ரூமில் ஒரு வெள்ளைக்காரர். தனிமையைத் தேடிக் கடல் தாண்டி வந்தவர். எனக்கு அது வாடகையில் சேர்த்தே வந்துவிட்டது. அவராவது சாயங்காலமானால் இன்னும் பல பேரோடு சேர்ந்து உட்கார்ந்துதான் தனிமையைத் தேடுகிறார்!

பௌர்ணமி என்றால் எங்கள் மைதானத்தில் வெளியூர் பஸ்களை நிறுத்திவிடுவார்கள். பிராக்டிஸ் கிடையாது. அதனால் நானும் மலையைச் சுற்றுவேன். பக்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்த நெரிசலில் நாலு பேர் தோள் படும். வாரக்கணக்கில் மனுஷ ஸ்பரிசமே இல்லாமல் இருந்து பாருங்கள், புரியும்.

அடி அண்ணாமலையில்தான் அந்த இடி. என் கை எழும்பியது. பக்கத்தில் வந்த பெரியவர் என் கையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்று குரல் கொடுத்தார். சுற்றிலும் கைகள் எழுந்தன. என் ஃபவுல் பக்தியாகிவிட்டது.

இடிபட்ட பெண்மணி மட்டும் மலையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்தாள். என் வயசுதான் இருக்கும். இடுப்பில் தூங்குகிற குழந்தை.

"நம்பர் இன்னா?" என்றாள்.

தூக்கிய கையை அப்போதுதான் இறக்கினேன். "எட்டு. நீங்க?"

"பதிமூணு. வேலூர்ல காலேஜ் டீம்." என் நடையைக் கவனித்தாள். "முட்டியா?"

"முட்டிதான்."

"எனக்கும்." முன்னால் போகிற கும்பலைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "இவங்க யாருக்கும் தெரியாது. அரை டிராயர் போட்டுக்கினு ஆடினேன்னு மாமியார்கிட்ட எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குள் அவள் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு அது?"

"தெரியலைங்க. மோதிட்டாங்க," என்றாள். என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. பேரைக் கேட்கவில்லையே! இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. நம்பர் தெரிந்தால் ஆளே தெரிந்த மாதிரி... இத்தனை வருஷப் பழக்கம் அது. அவளும் அப்படித்தான் போயிருக்கிறாள்.

முட்டியை மறந்து வேகமாக நடந்தேன். "பதிமூணு! பதிமூணு!" என்று கத்தினேன்.

ஒருவர் அக்கறையாக நின்று சொன்னார்: "பதிமூணாம் நம்பர் பஸ்ஸாம்மா? பஸ்ஸெல்லாம் மைதானத்துல நிக்குது."

அப்போது முன்னால் மறுபடியும் அரோகரா எழும்பியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் கைகள். அதில் ஒரு கை சாமிக்குத் தூக்கியதல்ல, எனக்குத் தூக்கியது. எந்தக் கை என்றுதான் தெரியவில்லை. பதிலுக்கு நானும் தூக்கினேன். கூட்டம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறீர்களா? உயரமான ஒருத்தி வேண்டுமென்றே வந்து இடித்தால் திட்டாதீர்கள். இந்தத் தடவை பேரையும் கேட்டுவிடுவேன்.