பேர் தெரிந்த பாம்பு

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காவைப் பாம்பு வலதுகை ஆள்காட்டி விரலில் கடித்தது. நான் அப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். கூட இருந்தவர்கள் அடித்துப்போட்ட பாம்பைப் பால்மா டின்னில் எடுத்துக்கொண்டு, நானும் அம்மாவும் அவளை லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

என்ன பாம்பு என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். அம்மா கோப்பி விரியன் என்றார். லொறி டிரைவர் சிங்களப் பெயரில் குணகட்டுவா என்றார். நான் டின்னைத் திறந்து, மேல்நோக்கி வளைந்த மூக்கைக் காட்டி, நூலகப் புத்தகத்தில் படித்த இலத்தீன் பெயரைச் சொன்னேன்: ஹிப்னேல் ஹிப்னேல்.

மூன்றும் ஒரே பாம்புதான் என்று டாக்டர் தலையசைத்தார். பிறகு மெதுவாக, இந்த இனத்துக்கு விஷமுறிவு ஊசி கிடையாது, மற்றப் பாம்புகளுக்குப் போடும் ஊசி இதற்குக் கேட்காது என்றார்.

"பேரைச் சரியா சொல்லிட்டியாடா?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்லிட்டேன் அக்கா."

"அப்ப ஊசி போடுவாங்கல்ல?"

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். விரல் நாளுக்கு நாள் கருத்தது. கட்டிலருகே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் அதை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இனி கொழுந்து எப்படிடா கிள்ளுறது?" என்றாள்.