பூசைக்குப் பால் வைத்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நாவலின் கடைசி இருபது பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அதை முழுதாகப் படித்த நாற்பது பேருக்கு நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அதுவும் நடுவர் நாற்காலியில், கழுத்தில் மாலையோடு. இத்தனைக்கும் என் தொழில் பிழை திருத்துவது. சிராங்கூன் சாலையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மணமகளுக்கு ஒரு கால் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், எழுத்தில்தான்.

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு கிறிஸ்தவ நாவல் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. கதை சின்னதுதான். ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி இறந்துபோகிறாள். அவர் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு மாதா கோயில் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. கடைசியில் கோபம் தணிந்ததா, இல்லையா? புத்தகம் சொல்லவில்லை. அதனால் ஊரே சொல்லிற்று.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை மாடியில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். இரண்டு வருடம் முன்பு மனைவியை இழந்தவர். "என் நெஞ்சுக்குள்ள பூந்து பாத்து எழுதியிருக்கான்யா!" என்பார். மறுபக்கம் காத்தோங்கிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற கிளார்க். "ஆண்டவரோட கதைக்காம இருக்கிறதுக்கு முந்நூறு பக்கமோ? இது கிறிஸ்தவ நாவல் இல்லை, வீண் பிடிவாதம்!" என்பார்.

சண்டை முற்றவே, கதாநாயகர் ஆண்டவரை விட்டாரா இல்லையா என்று பட்டிமன்றம் வைத்தார்கள். எந்தப் பக்கமும் சேராத ஒருவன் நடுவராக வேண்டும் என்று தேடி, எதிலும் சேராத என்னைப் பிடித்தார்கள்.

நாவலை எனக்குக் கொடுத்தவர் வட்டத்துக்கு வரும் டீச்சர். அவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். குவீன்ஸ்டவுன் புது அடுக்குமாடியில் அம்மாவோடு இருந்தார். பழுப்புக் காகித அட்டை போட்ட சொந்தப் பிரதி. "படிச்சுப்போட்டுத் தாங்கோ. பிடிச்சா இன்னொண்டு தாறன்" என்றார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணோடு மரியாதையாக இரண்டாம் முறை பேச வேண்டுமானால் கையில் இரவல் புத்தகம் வேண்டும். என் எதிர்காலம் முழுவதும் அந்த இரண்டாவது புத்தகத்தில்தான் இருந்தது.

அப்படியானால் முதல் புத்தகத்தை விழுந்து விழுந்து படித்திருக்க வேண்டாமா? மூன்று வாரம் தலையணைக்கடியில் வைத்துக் கனவு கண்டேன். பட்டிமன்றத்தன்று, நான் குடியிருந்த புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வரும் பஸ்ஸில்தான் பிரித்தேன், அதுவும் பின்பக்கத்திலிருந்து.

ஸ்டேஷன் மாஸ்டர் தம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லும் கதை அது. கடைசி அத்தியாயத்தில் இப்படி வந்தது: "விடியக்காலை மணிச் சத்தம் கேக்கும். பூசை வந்திட்டுதெண்டு எழும்புவன். அவள் போனபிறகும் பூசைக்குப் பால் வைக்க ஒருநாளும் தவறேல்லை."

துள்ளிக் குதித்தேன். கத்தோலிக்கர்கள் கோயில் வழிபாட்டைப் பூசை என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அரைகுறை அறிவுதான் காலை வாரிவிட்டது. இரண்டு பக்கம் தள்ளி, பூசைக்கு மீன் தலையும் வைத்தார். அது யாழ்ப்பாணத்து வழக்கமாக இருக்கும் என்று பெரிய மனதோடு கடந்துபோனேன்.

மேடையில் டிரஸ்ஸரும் கிளார்க்கும் ஒரு மணி நேரம் மோதினார்கள். நான் எழுந்தேன். தொண்டையைக் கனைத்தேன்.

"கதாநாயகர் ஆண்டவரை விடவே இல்லை. ஆதாரம் கடைசி அத்தியாயம். தினமும் விடியற்காலையில் பூசை!"

கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீர் எந்தப் பூசையைச் சொல்லுறீர்?"

"மணியடிக்கிற பூசைங்க."

"பால் வைச்ச பூசையோ?"

"ஆமாங்க. பால் இல்லாம பூசை ஏதுங்க? எங்க கோயில்லயும் அப்படித்தான். எம்மதமும் சம்மதம்!"

"அந்தப் பூசை நாலு காலில வந்ததோ, ரெண்டு காலில வந்ததோ?"

யாழ்ப்பாணத்தில் பூசை என்றால் பூனை. கழுத்தில் மணி கட்டிய, மனைவி வளர்த்த பூனை. பழைய இலக்கியத்திலும் பூசைக்கு அந்தப் பொருள் உண்டு என்று பின்னால் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன். பின்னால்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிரித்தார்கள், பின்னாலேயே மற்றவர்களும் சிரித்தார்கள். டிரஸ்ஸர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டு வருடமாக யாரும் பார்த்திராத அவருடைய தங்கப்பல்லை அன்று நாற்பது பேரும் பார்த்தோம். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் முதல் தடவையாக ஒரே முடிவுக்கு வந்தன: நடுவர் மடையர்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் இரண்டாவது புத்தகமும் அவரோடு படியிறங்கிப் போனது.

மறுநாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒன்பதாம் பக்கத்திலேயே பூனை வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அதன் கழுத்து மணியைக் கழற்றப் போகிறார். முடிச்சு, மனைவி போட்ட முடிச்சு. அவிழ்க்கக் கை வராமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். பஸ்ஸில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னண்ணே, பர்ஸை அடிச்சிட்டானா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல லா. பூனை."

அவர் டிக்கெட் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். டீச்சர் கதவைப் பாதி திறந்தார்.

"டீச்சர், இந்தத் தடவ முழுசும் படிச்சுட்டேன்."

"முதல் பக்கத்திலயிருந்தோ?"

"சத்தியமா. நூத்திப் பத்தாம் பக்கத்துல பென்சில் கோடு போட்டிருக்கீங்க. அந்த முடிச்சு. அங்கதான் எனக்கும் தாங்கல."

அவர் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மூடினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். போனால் போகிறது என்று கேட்டேவிட்டேன்.

"பிடிச்சா இன்னொண்ணு தாறேன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"படம் போட்டது தரட்டோ?"